செயின்ற் லூசியாவுக்கு ஒரு நடுத்தரப் புயல்

1

"இந்த ஆண்டு அத்திலாந்திக் புயல் பருவம் ஒப்பீட்டளவில் அமைதியாக முடிந்தது" என்று கார்த்திகை மாதக் கடைசி நாள் காலையில் வானொலிப் பெண் சொன்னாள். நான் தேநீருக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி றோஸ் வந்து வானொலியை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் சீனியை இரண்டாவது தடவையும் போட்டுவிட்டேன்.

அமைதியான பருவமாம். எங்கள் வீட்டில் வந்து கேட்டிருக்கவேண்டும்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். உண்மையில் ரொறன்ரோவில் இருக்கிற எங்களுக்கே ஒன்றும் இல்லை. இந்தப் புயல்கள் ஆபிரிக்காக் கரைக்கு அப்பால் பிறந்து, அத்திலாந்திக்கைத் தாண்டி, கரிபியன் தீவுகளுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறவை. எங்களுக்கு வந்து சேர்வது எப்போதாவது அவற்றின் மிச்ச மழை மட்டும். ஆனி, அதாவது ஜூன், முதலாம் திகதி பருவம் தொடங்கும், கார்த்திகை, அதாவது நவம்பர், முப்பதாம் திகதி முடியும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த நாட்டில் புயலுக்கும் அலுவலக நேரம் உண்டு.

நான் ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கேர்ரேக்கர். தரை துடைப்பது, பனி தள்ளுவது, கொதிகலனைக் கவனிப்பது, பிள்ளைகள் சத்தி எடுத்தால் வாளியோடு ஓடுவது. வானிலையில் எனக்கு இருந்த அக்கறை நாளைக்கு எத்தனை சென்ரிமீற்றர் பனி என்பதோடு முடிந்துவிடும். இந்த ஆண்டு மட்டும் ஆனி முதலாம் திகதியிலிருந்து ஒவ்வொரு காலையும் கொதிகலன் அறையில் நின்று கைத்தொலைபேசியில் அத்திலாந்திக் படத்தைப் பார்த்தேன். எனக்கு ஒரு புயல் தேவைப்பட்டது. பெரிதாக வேண்டாம். நடுத்தரமாக ஒன்று போதும்.

2

எங்களுக்கு ஒரே மகள், நிரோமி. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"அப்பா, வெடிங் ஒக்ரோபர் எண்டு டிசைட் பண்ணிட்டம். செயின்ற் லூசியாவில. மார்க்கஸின்ர அம்மா ஞானஸ்நானம் எடுத்த சேர்ச். ஜஸ்ற் ஃபோர்ட்டி பீப்பிள்."

அவள் கட்டப்போகிற மார்க்கஸ் நல்ல பெடியன். குறை ஏதாவது இருக்குமா என்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. அவனுடைய தாய் மிஸிஸ் ஒகஸ்ரின் அந்தக் கரிபியன் தீவில் பிறந்தவர், இப்போது பக்கத்து ஊரான பிக்கரிங்கில் இருக்கிறார், முப்பது வருடம் நேர்ஸ். எங்களைப் போலவே கத்தோலிக்கர், அந்தோனியாரில் பக்தி. எல்லாம் சரி. நாற்பதுதான் சரியில்லை.

"நாப்பது பேரோ? அதில எங்கட பக்கம் எத்தினை?"

"யூ கெற் ட்வெல்வ், அப்பா."

"பன்ரெண்டு பேரோட ஆரும் கலியாணம் செய்வினமோ?"

"நீங்களும் அம்மாவும் ஏழு பேரோட தானே செய்தனீங்கள்? யூ டேர்ன்ட் அவுட் ஃபைன்."

அதுதான் வலித்தது. நானும் றோஸும் கலியாணம் செய்தபோது சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் இருந்தோம். ஊரில் சண்டை, உறவெல்லாம் திசைக்கொன்று. கோவிலில் சாமியாரையும் சேர்த்து ஏழு பேர். ஏழாவது ஆள் எங்கள் கட்டடத்தின் சுப்பரின்ரென்டன்ற். லிஃப்ற் பழுதானதால் றோஸின் கூறைச்சேலை படியில் இழுபடாமல் பிடித்துக்கொண்டு பதினாலு மாடி இறங்கியவர், அப்படியே கோவிலுக்கும் வந்துவிட்டார். எங்கள் கலியாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்து அவருடையது.

அதற்குப் பிறகு இந்த நகரத்தில் என்னை அழைத்த எந்தக் கலியாணவீட்டையும் நான் விட்டதில்லை. ஒவ்வொரு மண்டபத்திலும் இருந்து சாப்பிடும்போது, என் பிள்ளைக்கும் இப்படி ஒரு நாள் மண்டபம் நிறையும் என்று நினைப்பேன். அந்த நினைப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

"ஏன் பிள்ளை ஒக்ரோபர்?" என்று கேட்டேன், வேறு கேட்க ஒன்றும் இல்லாமல்.

"சீப் அப்பா. இட்ஸ் ஹரிக்கேன் சீசன்."

"அப்ப புயல் வந்தால்?"

"வந்தால் கான்சல்தான். பட் இந்த வருசம் க்வையற்றா இருக்குமாம்."

கான்சல் என்ற சொல்லை நான் புட்டோடு சேர்த்து நன்றாக மென்று விழுங்கினேன்.

3

கலியாணத்துக்குச் சொல்வது எங்கள் ஆட்களிடம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். இங்கேயும் மாறவில்லை. புருசனும் பெண்சாதியுமாக வீடு வீடாகப் போகவேண்டும், இருந்து தேநீர் குடிக்கவேண்டும், கார்ட்டைக் கையில் கொடுக்கவேண்டும். தபாலில் போட்டால் அவமதிப்பு. சொல்லாமல் விட்டால் பத்து வருடத்துக்குக் கதை பேச்சில்லை. பன்னிரண்டு பேருக்குச் சொல்லி மற்றவர்களை விட்டால் எனக்கு இந்த ஊரில் செத்தவீட்டுக்கும் ஆள் வராது.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கலியாணம் நடக்கிற அதே சனிக்கிழமைக்கு இங்கே ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தைப் பதிந்தேன். பிறகு கார்ட் அடிக்கக் கொடுத்தேன். அதில் தங்க எழுத்தில் இப்படி இருந்தது: "இத்திருமணம் இறைவன் சித்தப்படி செயின்ற் லூசியாவில் நடைபெறும். அங்கு புயல் காரணமாக நடைபெற முடியாதுவிடின், அதே நாள் மாலை ஆறு மணிக்கு ஸ்காபரோவில் நடைபெறும். தாங்கள் சுற்றம் சூழ வருகை தந்து சிறப்பிக்கும்வண்ணம் அன்புடன் அழைக்கிறோம்."

அச்சகக்காரர் இரண்டு தடவை வாசித்தார். "அண்ணை, கலியாணக் கார்ட் அடிக்கிறன், நினைவஞ்சலிக் கார்ட் அடிக்கிறன். உப்பிடி ஒரு கார்ட் நான் இண்டைக்கு வரைக்கும் அடிக்கேல்லை."

றோஸ் ஒரே தடவைதான் வாசித்தாள். "உங்களுக்கு விசரே? பெத்த பிள்ளையின்ர கலியாணத்துக்குப் புயல் வரட்டாம் எண்டு கார்ட் அடிக்கிற தகப்பன் உலகத்தில இருக்கோ?"

"வரட்டும் எண்டு நான் எழுதேல்லை. வந்தால் எண்டுதான் எழுதியிருக்கிறன்."

நிரோமியும் கார்ட்டைப் பார்த்தாள். "சோ க்யூட், அப்பா" என்று தங்க எழுத்தைத் தடவிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை மூன்றாம் வகுப்போடு நிறுத்தி நீச்சல் வகுப்பில் சேர்த்தது நாங்கள்தான். பல வருடம் அதற்காகக் கவலைப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அது எனக்கு வசதியாக இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஞாபகத்துக்கு என்று அவள் ஒரு கார்ட்டை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

வழக்கத்தை விட முடியாதே, றோஸ் என்னோடு வீடு வீடாக வந்தாள். நூறு வீட்டுக்கு மேல் போனோம். ஒரு வீட்டிலும் அவள் சிரிக்கவில்லை. சனத்துக்கோ இதில் ஒரு புதினமும் தெரியவில்லை. மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டவர்கள் குறைவு. புயல் எத்தனை நாளுக்கு முதல் தெரியும், சேலை இப்பவே எடுக்கலாமா என்றுதான் கேட்டார்கள்.

"எதுக்கும் எடுத்து வையுங்கோ" என்று சொன்னேன்.

4

அதற்குப் பிறகு மல்வேர்ன் முழுவதும் அத்திலாந்திக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முன்னணியில் நின்றவர் யேசுதாசன் அண்ணை. ஓய்வுபெற்றவர், தனி ஆள், இருபத்திரண்டாம் மாடியில் இருக்கிறார். கார்ட் கொடுத்த கிழமையே கோட்டும் சூட்டும் வாங்கிவிட்டார். காலையில் நான் கொதிகலன் அறைக்குள் நுழைய முன்னமே தொலைபேசி எடுப்பார்.

"தம்பி, ஆபிரிக்காவில இருந்து ஒண்டு வெளிக்கிட்டிருக்கு. பாத்தனீரோ?"

"பாத்தனான் அண்ணை."

"நல்ல வடிவான சுழி. நம்பிக்கையா இரும்."

அந்த வடிவான சுழி மூன்றாம் நாள் சகாராப் பாலைவனத் தூசிக்குள் அகப்பட்டுக் கலைந்துபோனது. அடுத்ததற்கு ஒரு பெயர் வைத்தார்கள். பெயரைச் சொல்லமாட்டேன், எங்கள் பங்கில் அதே பெயரில் ஒரு அன்ரி இருக்கிறா. அந்தப் புயல் நடுக்கடலில் பெரிதாகி, ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காமல் வடக்கே திரும்பி, குளிர்ந்த தண்ணீரில் அடங்கியது. பூசை முடிந்து வெளியே வந்தபோது நாலு பேர் என் கையைப் பிடித்தார்கள். "கவலைப்படாதேங்கோ அண்ணை, பின்னால இன்னொண்டு வரும்." அன்ரியின் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

இதற்கிடையில் கடதாசி வேலை. தீவில் இருக்கிற கோவிலுக்கு ஞானஸ்நானப் பத்திரம், பங்குத்தந்தையின் கடிதம் எல்லாம் அனுப்பினோம். அங்கிருந்து ஒரு கேள்வி வந்தது. மணமகனின் குடும்பப் பெயர் ஒகஸ்ரின். மணமகளின் குடும்பப் பெயரும், என் தகப்பனார் அகுஸ்தீனின் புண்ணியத்தில், ஆங்கிலத்தில் அதேதான். இருவரும் இரத்த உறவில்லை என்று எழுதித் தரவேண்டுமாம். மன்னாரிலிருந்து எங்கள் ஆட்கள் ஒருவரும் ஒருகாலத்திலும் செயின்ற் லூசியாவுக்குப் போகவில்லை என்று நான் கையெழுத்து வைத்தேன். எங்கள் ஆட்கள் போகாத இடம் எது என்று உறுதியாக எழுதித் தருவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

பயணக் காப்புறுதிக்கும் தொலைபேசி எடுத்தேன். புயலுக்குப் பெயர் வைக்கமுன் காப்புறுதி எடுத்தால் செல்லும், பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்குச் செல்லாது என்றாள் அந்தப் பெண்பிள்ளை. நான் தெளிவுபடுத்திக்கொள்ள நினைத்து, "அப்படியென்றால் இப்போது கடலில் நிற்பது இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லையா?" என்று என் ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் மேலதிகாரியைக் கூப்பிட்டாள்.

புரட்டாதி வந்தது. வழக்கமாகப் புயல் குவிகிற மாதமாம். கடல் துடைத்துவிட்ட தரைபோல இருந்தது. என் வாழ்நாளில் தண்ணீரின் மேல் இவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை.

5

எங்கள் கோவிலில் செவ்வாய்க்கிழமை பின்னேரம் அந்தோனியார் நவநாள். வாசலில் ஒரு பெட்டி இருக்கும். வேண்டுதலைக் கடதாசியில் எழுதிப் போட்டால், பெயர் சொல்லாமல் உரத்து வாசிப்பார்கள். விசா, வேலை, பிரசவம், வீட்டுக் கடன், முழங்கால் நோ. ஒவ்வொன்றுக்கும் சனம் முழுவதும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லும்.

அந்தோனியாருக்கும் எனக்கும் பழக்கம் பழையது. இருபத்தொரு வயதில் மன்னார்க் கரையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ஒரு சின்னப் படகில் போனேன். கொள்ளாத அளவு சனம். காற்று எழும்பக்கூடாது, காற்று எழும்பக்கூடாது என்று அவரிடம் கெஞ்சிக்கொண்டே போனேன். காற்று எழும்பவில்லை. அந்த அந்தோனியாரிடம்தான் இப்போது காற்று வேண்டும் என்று கேட்கப் போனேன். அவர் மறந்திருப்பார் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

சமையலறை மேசையில் இருந்து எழுதினேன். கவனமாக எழுதினேன், ஒருவருக்கும் தீங்கு வரக்கூடாதே. பள்ளிக்கூடத்தில் 'தரை ஈரம், கவனம்' என்று எழுதிப் பழகிய பெரிய எழுத்து எனக்கு. அந்தச் செவ்வாய்க்கிழமை றோஸ் தற்செயலாக மிஸிஸ் ஒகஸ்ரினையும் நவநாளுக்கு அழைத்து வந்திருந்தாள். இருவரும் எனக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். பெண்கள் அப்படிப் பழகுவது நல்லதுதான் என்று நினைத்தேன்.

வாசிக்கிறவ நல்ல தெளிவான குரல்காரி. முழங்கால் நோ ஒன்று முடிந்ததும் அடுத்த கடதாசியை எடுத்தா.

"எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தகப்பன், ஒக்ரோபர் மாதம் செயின்ற் லூசியாத் தீவுக்கு அருகில், உயிர்ச்சேதமோ பொருட்சேதமோ இல்லாமல், விமான நிலையத்தை மூன்று நாட்களுக்கு மட்டும் மூடக்கூடிய ஒரு நடுத்தரப் புயல் வேண்டி…"

வாசித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று அவவுக்கே விளங்கியது. ஒரு கணம் நின்றா. சனம் நிற்கவில்லை. முந்திய வேண்டுதல்களுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்த கோவில், கார்ட் வாங்கிய அத்தனை பேரும் ஒரே மூச்சில் எழும்பியதுபோல, முழங்கியது. "ஆண்டவரே! எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" யேசுதாசன் அண்ணையின் குரல் தனியாகக் கேட்டது.

அடுத்த கடதாசி: "அத்திலாந்திக் சமுத்திரம் அமைதியாக இருக்கவும், ஒரு தகப்பனுக்கு நல்ல புத்தி வரவும் வேண்டி…" அதற்கும் கேட்டருளும் என்றார்கள், வழக்கமான சத்தத்தில். றோஸ் நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

நவநாள் முடிந்து கார்த் தரிப்பிடத்தில் நின்றோம். மிஸிஸ் ஒகஸ்ரின் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"என் தீவின் பெயரைக் கேட்டேன். பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டேன். எங்களுடைய சின்னத் தீவுக்காக இத்தனை பேர் இப்படிச் செபித்ததை நான் என் வாழ்க்கையில் கேட்டதில்லை. உங்களுக்கு நன்றி."

அவர் தொடர்ந்து சொன்னார். அவருக்கு ஒன்பது வயதில் ஒரு புயல் வந்ததாம். தாய் நாலு பிள்ளைகளையும் சாப்பாட்டு மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு, மேசையின் மேல் தான் குப்புறப் படுத்துக்கொண்டாராம். கூரை கழன்று போகும் சத்தம் பஸ் ஒன்று தலைக்கு மேல் ஓடுவதுபோல இருந்ததாம். விடிய வீட்டுக்குள் இருந்தபடியே வானத்தைப் பார்த்தார்களாம். கூரைத் தகரங்கள் அயலவரின் வாழைத்தோட்டத்தில் கிடந்தன. அந்த மனுசன் தன் வாழைகளுக்காக ஏசி ஏசி ஒவ்வொரு தகரமாகத் தூக்கிவந்து கொடுத்தாராம்.

"என் தங்கை இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். ஒவ்வொரு வருடமும் இந்த மாதங்களில் எனக்கு நித்திரை குறைவு. இன்றைக்கு நன்றாகத் தூங்குவேன்."

நவநாள் முடியக் கொடுத்த பற்றிஸ் பலகாரம் ஒன்றைக் கடித்தபடி றோஸ் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு நான் தூங்கவில்லை. கூரை இல்லாமல் வானம் தெரிவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஷெல் விழுந்த வீடுகளில் பார்த்திருக்கிறேன். பொருட்சேதம் இல்லாமல் என்று நான் எழுதியிருந்தேன். காற்றுக்கு வாசிக்கத் தெரியுமா என்று நான் யோசிக்கவில்லை.

7

கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில், வியாழக்கிழமை காலை, யேசுதாசன் அண்ணையின் குரல் நடுங்கியது. சந்தோசத்தில்.

"தம்பி, கொங்கிராற்ஸ்! கூம்பு நேர அங்கதான் பாக்குது!"

புயல் போகக்கூடிய வழியைப் படத்தில் வெள்ளைக் கூம்பாகக் கீறுவார்கள். திறந்து பார்த்தேன். கூம்புக்கு நட்டநடுவில் அந்தத் தீவு, ஒரு பருப்பளவு. எனக்குத் தெரிந்தது மேசைதான். மேசையும் அதற்கு மேல் ஒரு தாயும். படகில் நான் பிடித்துக்கொண்டிருந்த பலகை என் கைக்குத் திரும்பவும் வந்ததுபோல இருந்தது.

"அண்ணை, உது வரக்கூடாது" என்றேன்.

"என்ன தம்பி சொல்லுறீர்? நீர்தானே கேட்டனீர்?"

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கோவில் அலுவலகத்துக்கு ஓடினேன். போட்ட மன்றாட்டைத் திருப்பி எடுக்கவேண்டும் என்றேன். அங்கே வேலை செய்கிற பிள்ளை கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், அதுக்கு எங்களிட்ட ஃபோம் இல்லை. வாசிச்சாச்செண்டால் போயிற்றுது. வேணுமெண்டால் அடுத்த செவ்வாய் புதுசா ஒண்டு எழுதிப் போடுங்கோ, முந்தினது கான்சல் எண்டு."

அடுத்த செவ்வாய்க்குள் புயல் போய்ச் சேர்ந்துவிடும். நூறு வீட்டுக்காரர் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு அந்தக் கூம்பைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். செய்ய ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பின்னேரம் வீட்டுக்கு வந்து, திரும்ப ஒவ்வொரு வீடாகப் போகவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். றோஸ் ஏற்கெனவே கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

அழைத்த மாதிரியே போனோம், இருவருமாக. தொலைபேசியில் சொல்லக்கூடிய விசயம் இல்லையே. இருந்தோம், தேநீர் குடித்தோம், கையைப் பிடித்துச் சொன்னேன். புயலை இனி எதிர்பார்க்காதேங்கோ. அதைத் திருப்பச் சொல்லி மன்றாடுங்கோ. அங்க ஒரு வீடு இருக்கு. மூன்று பின்னேரம் இதே கதை; எட்டாத வீடுகளுக்கு எட்டிய வீட்டுக்காரரையே சொல்லச் சொன்னோம். இரண்டாம் நாளிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் கழிவறை எங்கே என்றும் கேட்க வேண்டியிருந்தது.

"அப்ப சேலை?" என்றா ஒரு அன்ரி.

"கார்த்திகையில அதே மண்டபம். வெயில் எறிச்சாலும் நடக்கும். எல்லாரும் வாங்கோ."

யேசுதாசன் அண்ணை வீட்டுக்குக் கடைசியாகப் போனோம். அவர் கோட்டும் சூட்டும் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டு வந்து கதவைத் திறந்தார். விசயத்தைச் சொன்னேன்.

"நான் உம்மட சந்தோசத்துக்குத்தான் தம்பி கேட்டனான்" என்றார். பிறகு கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, செபமாலையை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூம்பு வடக்கே வளைந்தது. திங்கட்கிழமை புயல் திறந்த கடலுக்குள் போய், பலமிழந்து, மழையானது. வறண்ட காற்று என்று வானிலைக்காரர்கள் சொன்னார்கள். இருக்கலாம். நான் கொதிகலனுக்குப் பக்கத்தில் தரையில் இருந்து அழுதேன்.

8

கலியாணம் நடந்தது. நாற்பது பேர், எங்கள் பக்கம் பன்னிரண்டு. ஒரு இலை அசையவில்லை. கோவில் சின்னது, சிவப்புத் தகரக் கூரை, ஒவ்வொரு தகரத்திலும் பெரிய பெரிய ஆணி. நான் பூசை முழுவதும் அந்த ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நிரோமியைக் கூட்டிக்கொண்டு நடக்கும்போதும் அண்ணாந்தே நடந்தேனாம்.

"அப்பா," என்று மெதுவாகச் சொன்னாள், "லுக் அற் மீ."

பார்த்தேன். இதைத் தடுக்கவா கார்ட் அடித்தேன் என்று என்னிலேயே எனக்கு அருவருப்பு வந்தது. அவ்வளவு வடிவாக இருந்தாள்.

மறுநாள் மிஸிஸ் ஒகஸ்ரினின் தங்கை வீட்டில் மீன் பொரித்துத் தந்தார்கள். மேசை அதேதான். சாப்பிட்டு முடித்து எல்லாரும் எழும்பிய பிறகு, நான் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். நாலு பிள்ளைகளுக்கு இடம் போதாது.

9

கார்த்திகைக் கடைசிச் சனிக்கிழமை ஸ்காபரோ மண்டபம் நிறைந்தது. நானூறு பேர். சேலைகள், யேசுதாசன் அண்ணையின் சூட், மேசைக்கு மேசை றோல்ஸ். நான் முப்பது வருடமாக நினைத்தது அப்படியே என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. நான் வாசலில் நின்று ஒவ்வொருவராக வரவேற்றேன்.

சாப்பாட்டுக்கு நடுவில் மிஸிஸ் ஒகஸ்ரின் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார்.

"ஒரு செவ்வாய்க்கிழமை உங்கள் கோவிலில் இருந்தேன்" என்றார். "என் தீவுக்காக நீங்கள் எல்லாரும் ஒரே குரலில் செபித்தீர்கள். என் தங்கையின் கூரை இன்னும் அவள் தலைக்கு மேல் இருக்கிறது. அதற்கு நன்றி சொல்ல வந்தேன்."

நானூறு பேர் தங்கள் கோப்பைகளைப் பார்த்தார்கள். இவ்வளவு கவனமாக ஆட்டிறைச்சிக் கறியைப் பார்த்த சனத்தை நான் கண்டதில்லை. யேசுதாசன் அண்ணைக்குப் புரைக்கேறியது.

"அந்தச் செபத்தை இன்னொரு தடவை என்னோடு சொல்லுங்கள்" என்றார். பிறகு ஒரு சின்னக் கடதாசியைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, தமிழில் தொடங்கினார். "ஆண்டவரே… எங்கள்… மன்றாட்டை…"

சனம் எழும்பி நின்று சொன்னது. அன்றைக்குக் கோவிலில் எழும்பிய முழக்கம் இல்லை. மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மேடையால் இறங்கியதும் ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். "அன்றைக்கு வாசித்த மன்றாட்டு என்னுடையது" என்றேன். "நீங்கள் நினைக்கிறதை நான் கேட்கவில்லை. நான் கேட்டது…"

அவர் கைப்பையைத் திறந்து ஒரு கார்ட்டை எடுத்தார். தங்க எழுத்து. பின்பக்கத்தில் நிரோமியின் கையெழுத்தில் ஆங்கிலம்.

"ஆடி மாதமே என்னிடம் வந்துவிட்டது. தொலைபேசியில் படமெடுத்து மொழிபெயர்த்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை உங்கள் மனைவிதான் என்னை வரச்சொன்னார். பக்கத்தில் இருந்து ஒவ்வொரு சொல்லாகக் காதில் சொன்னார். நடுத்தரம் என்ற சொல்லுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார்."

"தெரிந்துமா எனக்கு நன்றி சொன்னீர்கள்?"

"நான் முப்பது வருடம் நேர்ஸ். ஏசினால் ஆட்கள் மருந்து குடிப்பதில்லை."

கார்ட்டை என் சட்டைப்பைக்குள் வைத்தார். அடுத்த பருவம் ஆனி முதலாம் திகதி தொடங்குகிறது என்றும், கார்த்திகை வரை ஒவ்வொரு செவ்வாயும் தங்கையின் கூரைக்கு ஒரு மன்றாட்டு, என்னுடைய அந்தப் பெரிய எழுத்தில், பெட்டிக்குள் இருக்கவேண்டும் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

"நிரோமி… இவ்வளவு நாளும் ஒன்றுமே சொல்லவில்லையே" என்றேன்.

"நானும் கேட்டேன். 'அப்பாவுக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும், ஆனால் அவரே போய் நிறுத்துவார்' என்றாள்."

மண்டபத்தின் மறுகரையில் அவள் மார்க்கஸுக்கு இடியப்பத்தைச் சொதியில் குழைக்கக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைக் கண்டு, என்ன என்று கையால் கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். அவள் பக்கத்துக் கதிரையிலிருந்த கைப்பையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, வந்து இருங்கோ என்று காட்டினாள்.